தீராத நோய், தீர்ந்துபோகும் லீவு

நம் ஆலைகளிலும் ஆபீஸ்களிலும் நோய்க்கு இரண்டே அளவுகள்தான் உண்டு. ஒன்று, மூன்று நாள் காய்ச்சல். கஞ்சி, மாத்திரை, நாலாம் நாள் வேலை. மற்றொன்று, இனி இவரால் முடியாது என்று எல்லோரும் ஒப்புக்கொண்டுவிடும் முடக்கம். கணக்கு முடித்து அனுப்பிவிடுவார்கள். இவ்விரண்டுக்கும் நடுவில் கிடக்கும் நோய்தான் யாருக்கும் பிடிபடுவதில்லை. காசநோய் மருந்தின் மூன்றாம் மாதத்தில் இருப்பவர், சிக்குன்குனியா வந்துபோய் அரை வருடமாகியும் காலையில் விரல் மடங்காதவர், கொரோனாவுக்குப் பிறகு ஒரு மாடி ஏறினால் அன்று முழுக்கப் படுத்துக்கிடப்பவர், ஒரு வாரம் தெளிந்து மறு வாரம் மனச்சோர்வில் அமிழ்பவர் ஆகியோரிடம் "எப்ப வருவீங்க?" என்று கேட்டால், நேர்மையான பதில் "தெரியலை" என்பதுதான். அந்தப் பதிலை எழுத எந்த லீவு படிவத்திலும் கட்டம் கிடையாது.

இந்தக் கேள்வியை வேலை தருபவரின் பக்கத்திலிருந்து தெளிவாக வைத்தது 1976-ஆம் ஆண்டின் ஒரு பிரிட்டிஷ் தீர்ப்பு. நோயில் கிடந்த ஆலைத் தொழிலாளி ஒருவரின் வழக்கில், இனியும் காத்திருக்கச் சொல்லி முதலாளியிடம் எதிர்பார்க்கலாமா, எதிர்பார்க்கலாமென்றால் இன்னும் எவ்வளவு காலம் என்பதே அடிப்படைக் கேள்வி என்றது வேலைவாய்ப்பு மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம். கேள்வி அதைவிடப் பழையது. விடைகளும் பல. அவற்றின் போக்கை, முக்கியமாக இந்தியச் சட்டத்தையும் தமிழ்நாட்டுத் தொழிலாளர் அனுபவத்தையும் மையமாக வைத்து இங்கே பரிசீலிக்கலாம். கிடைத்திருக்கும் விடைகளில் பெரும்பாலானவை நோயின் தொடக்கத்தையும் முடிவையும்தான் பார்க்கின்றன. நெருக்கடி நடக்கும் நடுப்பகுதி பெரும்பாலும் நோயாளியின் தலையிலேயே விடப்பட்டிருக்கிறது.

முதல் விடை: காப்பீடு

பிஸ்மார்க்கின் ஜெர்மனி 1883-ல் கொண்டுவந்த நோய்க் காப்பீட்டுச் சட்டம் பாதிக் கூலியைப் பதின்மூன்று வாரம் வரை தந்தது. பிரிட்டனின் 1911-ஆம் ஆண்டுச் சட்டம் 26 வாரம் வரை போனது. இரண்டிலும் ஒரே தர்க்கம்தான். நோய் என்பது எல்லோருக்கும் வரக்கூடிய விபத்து, அதன் செலவைப் பலர் தோளில் பிரித்துவிட்டால் போதும். இதில் நோயாளிக்குப் பணம் கிடைக்கிறது. வேலை காத்திருக்குமா என்பதைச் சட்டம் வேறொரு நாளுக்குத் தள்ளிவைத்தது.

இந்தியாவில் தொழிலாளருக்கான நோய்க் காப்பீட்டுத் திட்டம் வகுக்க 1943-ல் நியமிக்கப்பட்ட பேராசிரியர் பி.பி. அதார்க்கர் மறு ஆண்டே அறிக்கை தந்தார். அதன் வழியே 1948-ல் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டம் வந்தது. 1952 பிப்ரவரி 24 அன்று கான்பூரிலும் டெல்லியிலும் திட்டம் தொடங்கியது. தமிழ்நாட்டில் அதன் பெயர் ஈ.எஸ்.ஐ. மட்டுமே. முழுப் பெயர் சொன்னால் பலருக்குப் புரியாது.

இன்றைய கணக்கு இப்படி நிற்கிறது. மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்கள் திட்டத்துக்குள் வருவார்கள். 2019 ஜூலை முதல் முதலாளி 3.25 சதவீதமும் தொழிலாளி 0.75 சதவீதமும் கட்டுகிறார்கள். உரிய நாட்கள் சந்தா கட்டியிருந்தால், நோயுற்ற காலத்தில் சராசரிக் கூலியில் 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாள் வரை கிடைக்கும். மாதம் 15,000 ரூபாய் வாங்குபவருக்கு நாளைக்கு 350 ரூபாய் என்றால், 91 நாளும் எடுத்தால் 31,850 ரூபாய். காசநோய், தொழுநோய், புற்றுநோய், சிறுநீரகச் செயலிழப்பு, சிலவகை மனநோய்கள் உள்ளிட்ட 34 நோய்களுக்கு 80 சதவீதமாக, இரண்டு ஆண்டு வரை நீட்டிக்க வழியுண்டு.

அந்த 34-ல்தான் முதல் பலவீனமும் இருக்கிறது. பட்டியலில் இடம்பிடித்த நோய்களுக்குப் பெயரும் பரிசோதனையும் உண்டு. நாள்பட்ட களைப்பு, தொற்றுக்குப் பிந்தைய மூட்டுவலி, அடிக்கடி திரும்பும் தலைவலி போன்றவை எக்ஸ்ரேயில் விழுவதில்லை, அதனால் பட்டியலிலும் எளிதில் விழுவதில்லை. அபூர்வ நோய்களுக்குச் சலுகை தரும் அதிகாரம் மேலே இருக்கிறது. அதுவரை கோப்பு போய்ச் சேர வேண்டுமே.

21,001 ரூபாய் வாங்குபவரின் நிலை இன்னும் விநோதம். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் ஆண்டுக்குப் பன்னிரண்டு நாள் நோய் விடுப்பு தந்தது. தொழிற்சாலைகள் சட்டத்தில் நோய்க்கென்று தனி விடுப்பே இருக்கவில்லை, இருபது நாள் வேலைக்கு ஒரு நாள் ஈட்டிய விடுப்புதான் இருந்தது. அதற்குமேல் கம்பெனியின் தயவு, அல்லது லாஸ் ஆஃப் பே. நோய்ச் செலவுக்கு வருங்கால வைப்புநிதியிலிருந்து முன்பணம் எடுக்கலாம் என்பது வசதிதான். முதுமைக்குச் சேர்த்ததை இளமை நோய் தின்கிறது என்பதையும் சேர்த்துத்தான் சொல்லவேண்டும்.

இரண்டாம் விடை: டாக்டர் சொன்னால் சரி

அமெரிக்கச் சமூகவியலாளர் டால்காட் பார்சன்ஸ் 1951-ல் நோயாளி என்பதை ஒரு சமூகப் பாத்திரமாக விவரித்தார். நோயாளிக்கு வழக்கமான கடமைகளிலிருந்து விலக்கு உண்டு, நோய்க்காக அவரைக் குறைசொல்லவும் கூடாது. பதிலுக்கு அவர் குணமாக விரும்ப வேண்டும், தகுந்த மருத்துவரிடம் போகவேண்டும். இந்த உடன்பாட்டின் ரசீதுதான் மெடிக்கல் சர்டிபிகேட்.

பார்சன்ஸ் மீது வைக்கப்பட்ட விமர்சனங்களில் வலுவானது, அவர் வரைந்தது காய்ச்சல்காரனின் படம் என்பது. அவன் படுக்கிறான், தேறுகிறான், திரும்புகிறான். மாதக்கணக்கில் நீளும் நோயில் அந்த உடன்பாடு மெல்லக் கிழிகிறது. முதல் மாதம் பழம் வாங்கிக்கொண்டு பார்க்க வந்த சூப்பர்வைசர் மூன்றாம் மாதம் "நேத்து உங்களைக் கடைத்தெருவில பார்த்தாங்களாமே" என்கிறார். நடக்க முடிந்தவர் எட்டு மணி நேரம் நிற்கவும் முடியவேண்டும் என்பது பொதுப்புத்தி. இரண்டும் வேறு வேறு என்பதை விளக்க, நோயாளிக்கு அந்த நேரத்தில் மூச்சு போதாது.

ஈ.எஸ்.ஐ. நடைமுறையைக் கிட்டப் போய்ப் பார்த்தால் சான்றிதழின் பாரம் தெரியும். முதலில் டிஸ்பென்சரி டாக்டர் 'ஃபர்ஸ்ட்' எழுதுவார். பிறகு வாரத்துக்கொரு 'இன்டர்மீடியட்'. நோய் நீளும் என்று தெரிந்தால் நான்கு வாரம் வரைக்கும் ஒன்றாகத் தரலாம். கடைசியில் 'ஃபைனல்', அதாவது இன்ன தேதி முதல் வேலைக்குத் தகுதி. இந்தத் தாள்களின் வரிசையில் ஒரு நாள் இடைவெளி விழுந்தாலும் அந்த நாளின் பணம் போகும், சில சமயம் அந்த நாளே 'ஆப்சென்ட்' என்றும் பதிவாகும். நோயின் போக்கு அலைபோல ஏறி இறங்கும். சான்றிதழுக்கு இரண்டே நிலைதான், தகுதி அல்லது தகுதியின்மை.

ஒரு மில், இரண்டு டாக்டர்கள்

சான்றிதழ் வேலையைக் காப்பாற்றுமா? இந்தக் கேள்விக்கு இந்தியச் சட்டத்தின் முக்கியமான விடை சென்னையிலிருந்து போன வழக்கில்தான் கிடைத்தது. பெரம்பூர்க்காரர்கள் பின்னி மில் என்று சொல்லும் பக்கிங்காம் அண்ட் கர்நாடிக் மில்லில் வேலைபார்த்த ஒரு தொழிலாளி 1957 ஜனவரியில் சில நாள் லீவில் ஊருக்குப் போனார். திரும்பவில்லை. மார்ச்சில் வந்தபோது நாள்பட்ட மலேரியாவும் வயிற்றுக்கடுப்பும் இருந்ததாக அங்குள்ள அரசு மருத்துவர் தந்த சான்றிதழைக் கொண்டுவந்தார். இரண்டு மாதமாக அவருக்கு நோய் இருந்தது என்று தன்னால் உறுதிசொல்ல முடியவில்லை என்றார் மில்லின் மருத்துவ அதிகாரி. சொல்லாமல் தொடர்ந்து எட்டு வேலைநாள் வராதவர் தானே வேலையை விட்டதாகக் கொள்ளப்படுவார் என்பது மில்லின் நிலையாணை. பெயர் அடிக்கப்பட்டது. பிறகு ஈ.எஸ்.ஐ. கார்ப்பரேஷன் அதே சான்றிதழை ஏற்று, அதே காலத்துக்கு நோய்ப் பணமும் கொடுத்தது.

ஒரே ஆள், ஒரே இரண்டு மாதம். காப்பீட்டுக் கணக்கில் அவர் நோயாளி, மில் கணக்கில் ஓடிப்போனவர்.

1948 சட்டத்தின் 73-ஆம் பிரிவு, நோய்ப் பணம் பெறும் காலத்தில் தொழிலாளியை வேலைநீக்கவோ தண்டிக்கவோ கூடாது என்றது. அந்தக் காலத்தில் தரும் நீக்க நோட்டீஸும் செல்லாது. இந்தப் பிரிவு தன்னைக் காக்கும் என்பது தொழிலாளி தரப்பு வாதம். 1960-களின் தொடக்கத்தில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. நோயில் இருக்கும்போது எடுக்கும் தண்டனை நடவடிக்கையைத்தான் பிரிவு தடுக்கிறது, விடுப்பின்றி வராததால் நிலையாணைப்படி தானாக முடிந்துபோகும் வேலையை அது தொடாது என்பதே தீர்ப்பின் சாரம்.

சட்ட வாசகத்தின் அளவில் அந்த வாதத்துக்குத் தர்க்கம் உண்டு. நடைமுறையில் அது ஒரு பின்வாசலைத் திறந்துவைத்தது. நீக்கினால்தானே தடை? 'நீங்களே போய்விட்டீர்கள்' என்றால் தடையில்லை. இன்று ஐ.டி. கம்பெனிகள் அனுப்பும் 'அப்ஸ்காண்டிங்' மெயில் இந்த மில் நிலையாணையின் பேரப்பிள்ளை என்றே எனக்குத் தோன்றுகிறது.

பின்வாசல் பிறகு ஓரளவு மூடப்பட்டது. 1993-ல் ஜே.எம்.ஏ. இண்டஸ்ட்ரீஸ் வழக்கில், நிலையாணை என்ன சொன்னாலும் விளக்கம் கேட்காமல், விசாரிக்காமல் ஒருவரின் பெயரை அடிக்கமுடியாது, பிழைப்புரிமை அரசமைப்புச் சட்டத்தின் 21-ஆம் பிரிவின் உயிர்வாழும் உரிமையோடு சேர்ந்தது என்று உச்ச நீதிமன்றம் கூறியது. முப்பது ஆண்டு இடைவெளியில் வந்த இந்த இரண்டு தீர்ப்புகளையும் சேர்த்துப் படித்தால், இந்தியச் சட்டம் நோயாளிக்குத் தந்திருப்பது கேட்கப்படும் உரிமை என்று தெரிகிறது. காத்திருக்கவைக்கும் உரிமை அதில் இல்லை.

மூன்றாம் விடை: காத்திருப்புக்கும் எல்லை உண்டு

முதலாளிகளின் வாதத்தைக் கெட்ட எண்ணம் என்று தள்ளிவிடுவது எளிது, சரியல்ல. அம்பத்தூரில் எட்டுப் பேர் வேலைபார்க்கும் ஒரு லேத் பட்டறையில் ஒருவர் ஐந்து மாதம் வராவிட்டால் எட்டில் ஒரு பங்கு உற்பத்தி நிற்கிறது. மாற்றாள் எடுத்தால் பழையவர் திரும்பும்போது அந்த மாற்றாளை என்ன செய்வது? தேதி தெரிந்தால் சமாளிக்கலாம், தேதி தெரியாததுதான் சிக்கல் என்பார்கள். அது உண்மையும்கூட.

சட்டம் இந்த வாதத்துக்குக் கணிசமாக இடம் தந்திருக்கிறது. 1947-ஆம் ஆண்டின் தொழிற்தகராறுகள் சட்டம் ஆட்குறைப்பை வரையறுத்தபோது, தொடர்ந்த உடல்நலக்குறைவால் முடிக்கப்படும் வேலையை அந்த வரையறைக்கு வெளியே வைத்தது. ஆட்குறைப்பில் போனவருக்கு இழப்பீடு இருந்தது, நோயில் போனவருக்கு அந்த வாசலில் இருக்கவில்லை. எவ்வளவு காலம் நீண்டால் 'தொடர்ந்த' என்பதைச் சட்டம் சொல்லவில்லை. ஈ.எஸ்.ஐ. விதிகள் மட்டும் ஓர் எண் வைத்தன. பணி நிபந்தனைகள் இடம்கொடுத்தால், பொதுவான நோய்க்கு ஆறு மாதத் தொடர் சிகிச்சைக்குப் பிறகும், காசநோய், புற்றுநோய் போன்றவற்றுக்குப் பதினெட்டு மாதத்துக்குப் பிறகும் முதலாளி விடுவிக்கலாம். ஆறு மாதம் என்பது மருத்துவ அளவா, நிர்வாக அளவா என்பது விவாதத்துக்குரியது. சாதாரணக் காசநோய்க்கான மருந்துக் காலமே ஆறு மாதம்தான், உடம்பில் சதை பிடிப்பதற்கு அதற்கு மேலும் ஆகும்.

இந்தத் தரப்பின் பொருளாதார முகம், பணம் தாராளமாகக் கிடைத்தால் நோயும் நீளும் என்ற ஐயம். இதைச் சோதிக்க ஜெர்மனி நல்ல களம். 1956-57-ல் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் உலோகத் தொழிலாளர்கள் நோய்க்காலக் கூலிக்காகவே நூறு நாளுக்கு மேல் வேலைநிறுத்தம் செய்தார்கள். அந்தப் போராட்டத்தின் தொடர்ச்சியாக முதல் ஆறு வாரம் முழுச் சம்பளம் என்ற நிலை பின்னாளில் சட்டமானது. 1996-ல் சான்சலர் கோலின் அரசு அதை 80 சதவீதமாகக் குறைத்தது. ஆட்சி மாறி 1999-ல் பழையபடி நூறானது. பணத்தின் அளவு விடுப்பின் அளவை ஓரளவு பாதிக்கிறது என்று பொருளாதார ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனால் குறைந்த நாட்கள் நடிப்பினால் எடுத்தவையா, நோயோடு வேலைக்கு வந்ததால் குறைந்தவையா என்பதை வருகைப்பதிவேடு சொல்லாது.

இந்த வாதத்தை மறுபுறமிருந்து தாக்குவது லண்டன் அரசு ஊழியர்களைப் பற்றிய வைட்ஹால் ஆய்வு. உடல்நலம் சரியில்லாத ஆண் ஊழியர்களில், ஆய்வுக் காலத்தில் நோய் விடுப்பே எடுக்காதவர்களுக்குக் கடுமையான இதயப் பாதிப்பு, மிதமாக விடுப்பெடுத்தவர்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு என்று 2005-ல் அதன் ஒரு பகுதி தெரிவித்தது. ஒரே ஆய்வை வைத்து காரணகாரியம் பேசக்கூடாது. ஆயினும் லீவு போடாமல் உழைப்பவரை மாலை போட்டுப் பாராட்டும் நம் வழக்கத்தைச் சற்று யோசிக்க வைக்கிறது.

நான்காம் விடை: நோயல்ல, உரிமை

1990-களுக்குப் பிறகு வலுப்பெற்ற பார்வை, நீளும் நோயை மாற்றுத்திறனாக வகைப்படுத்துவது. அப்படிச் செய்தவுடன் கேள்வியே திசைமாறும். எவ்வளவு நாள் காத்திருப்பது என்பது போய், அவர் வேலைசெய்ய எதை மாற்றித் தரலாம் என்று வரும். இந்தியாவின் 1995-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் 47-ஆம் பிரிவு, பணிக்காலத்தில் ஊனமுற்றவரை நீக்கக்கூடாது, வேறு பணி தரவேண்டும், பணியிடமே இல்லையென்றால் உபரிப் பணியிடம் உருவாக்கி வைத்திருக்கவேண்டும் என்றது. 2016-ஆம் ஆண்டுச் சட்டம் வகைகளை 21 ஆக்கி, பார்க்கின்சன், மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் போன்றவற்றையும் சேர்த்தது. ஆனால் நீக்கத் தடையை அரசு நிறுவனங்களோடு நிறுத்திக்கொண்டது. தனியார் ஆலைத் தொழிலாளிக்கு அந்தக் கதவு திறக்கவில்லை. 2021 டிசம்பரில் மத்திய ரிசர்வ் போலீஸ் படை அதிகாரி ஒருவரின் வழக்கில், மனநோயின் விளைவான நடத்தைக்காக ஒழுங்கு நடவடிக்கை எடுப்பது மறைமுகப் பாகுபாட்டின் ஒரு வடிவம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது முக்கியமான முன்னேற்றம். அதுவும் அரசுப் பணிதான்.

விதிவிலக்காக ஒரு சட்டம் உண்டு. 2018-ல் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி. தடுப்புச் சட்டம் தனியார், அரசு என்று பிரிக்கவில்லை. எச்.ஐ.வி. உள்ள ஒருவரை நீக்க வேண்டுமானால், அவர் வேலைக்குத் தகுதியற்றவர் அல்லது பிறருக்குத் தொற்று அபாயம் கணிசமாக உண்டு என்று சுதந்திரமான மருத்துவர் எழுத்தில் மதிப்பிட வேண்டும், அதன் நகலை அவருக்கே தரவேண்டும். வேலையைத் தகவமைத்துத் தர முடியாது என்றால் அதற்கான நிர்வாக, நிதிச் சிரமத்தையும் முதலாளி எழுத்தில் சொல்லவேண்டும். யாருடைய டாக்டர், காரணம் எங்கே எழுதப்பட்டிருக்கிறது, நோயாளி அதைப் படித்தாரா என்று பின்னி மில் வழக்கில் தொங்கிநின்ற மூன்று கேள்விகளுக்கும் இதில் விடை இருக்கிறது. ஒரு கிருமிக்குத் தந்த இந்த நியாயத்தை மற்ற நோய்களுக்கு ஏன் தரவில்லை என்பதற்கு ஏற்கத்தக்க காரணம் எதுவும் எனக்குத் தென்படவில்லை.

பிரிட்டனின் 2010 சமத்துவச் சட்டம் பன்னிரண்டு மாதம் நீடித்த, அல்லது நீடிக்கக்கூடிய பாதிப்பை ஊனமாகக் கருதுகிறது. விட்டுவிட்டு வரும் நோயும், திரும்ப வரக்கூடுமென்றால், தொடர்வதாகவே கொள்ளப்படும். ஆனால் எந்த வகைப்படுத்தலும் நோயாளியிடம் ஒரு விலை கேட்கிறது. 'நான் ஊனமுற்றவன்' என்று தானே எழுதிக்கொடுக்கவேண்டும். ஆறு மாதத்தில் தேறிவிடுவோம் என்று நம்பிக்கொண்டிருப்பவர், கல்யாணமாகாத பிள்ளைகளை வீட்டில் வைத்திருப்பவர், அந்தக் கையெழுத்துக்குத் தயங்குவது இயல்பு.

ஐந்தாம் விடை: வேலையே மருந்து

2006-ல் பிரிட்டிஷ் அரசுக்காக ஆய்வாளர்கள் வாடெலும் பர்ட்டனும் தொகுத்த ஆய்வு, பொதுவாக வேலை உடலுக்கும் மனதுக்கும் நல்லது என்றது. 2010-ல் அங்கே பழைய 'நோய்ச் சீட்டு' போய் 'தகுதிச் சீட்டு' வந்தது. முழுத் தகுதியில்லாவிட்டாலும், நேரத்தைக் குறைத்தால், வேலையை மாற்றினால் வரலாம் என்று டாக்டர் எழுத அதில் இடமுண்டு. ஜெர்மனியின் 'ஹாம்பர்க் முறை'யில் தினம் சில மணி நேரம் என்று தொடங்கிப் படிப்படியாகக் கூட்டுவார்கள். நெதர்லாந்து மேலும் போய், இரண்டு ஆண்டு வரை குறைந்தது 70 சதவீதச் சம்பளத்தை முதலாளியே தரவேண்டும், அதுவரை நோயைக் காரணமாக்கி நீக்கமுடியாது, இன்ன நோய் என்று கேட்கவும் கூடாது என்று வைத்தது. காத்திருப்பின் செலவு முதலாளியுடையதானதும் திரும்பக் கொண்டுவருவதில் அவருக்கே அக்கறை வரும் என்பது கணக்கு. அதே கணக்கு, நோய் வரக்கூடியவரை நிரந்தரமாக எடுக்கவே தயங்கவைக்கும் என்பது இதன் மீதான முதன்மையான ஐயம்.

படிப்படியாகத் திரும்புதல் என்பது கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. எல்லா உடம்புக்கும் அது பொருந்துமா? நாள்பட்ட களைப்பு நோய்க்கு, உடல் உழைப்பைப் படிப்படியாகக் கூட்டும் சிகிச்சை பயன் தரும் என்று 2011-ல் லான்செட் மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வந்தது. நோயாளிகள் பல ஆண்டு எதிர்த்தார்கள். 2021-ல் பிரிட்டனின் நைஸ் அமைப்பு அந்நோய்க்கான வழிகாட்டுதலில் அந்தச் சிகிச்சையைக் கைவிட்டது. உழைத்த மறுநாள் நோய் முற்றுவதே அந்த நோயின் அடையாளம் என்னும்போது, 'மெல்ல வந்து பாருங்களேன்' என்ற அழைப்பு உதவியா நெருக்கடியா என்பதை அழைப்பவரின் குரலை வைத்து முடிவுசெய்ய முடியாது. வந்து பார்த்து முடியாதபோது திரும்பிப் போய்ப் படுக்க உரிமை இருக்கிறதா என்பதுதான் அளவுகோல். நம்மூரில் 'ஃபைனல்' வாங்கிக்கொண்டு சேர்ந்த ஒருவருக்கு மறு வாரம் மறுபடியும் 'ஃபர்ஸ்ட்' எழுதச் சொன்னால் டிஸ்பென்சரியிலும் முகம் சுளிப்பார்கள், டைம் ஆபீசிலும் சுளிப்பார்கள். பாதி நாள் வேலை, பாதி நாள் நோய்ப் பணம் என்ற ஏற்பாடு நம் காப்பீட்டு முறையில் வேரூன்றவே இல்லை.

போனில் நடப்பது

மேலே சொன்ன விடைகள் எல்லாம் ஓர் ஆணையை, ஒரு சான்றிதழை, ஒரு தீர்ப்பைச் சுற்றியவை. நெருக்கடி பெரும்பாலும் அங்கே நடப்பதில்லை. "உடம்பு எப்படி இருக்கு?" என்று தொடங்கும் போனில் நடக்கிறது. அதே போன் வாரம் மூன்று முறை வரும்போது விசாரிப்பு வேறாகிவிடுகிறது. பிறகு வாட்ஸ்ஆப் குழுவிலிருந்து பெயர் நீங்கும். ஷிப்ட் பட்டியலில் இடம் காலியாகும். கடைசியில் எச்.ஆர்.: "ரிசைன் லெட்டர் குடுத்துடுங்க, நல்லபடியா செட்டில் பண்ணிடலாம். டெர்மினேஷன்னு போச்சுன்னா அடுத்த கம்பெனில உங்களுக்குத்தான் கஷ்டம்." கையெழுத்திட்ட பிறகு அது ராஜினாமா. நோய், 73-ஆம் பிரிவு, 1993 தீர்ப்பு எதுவும் அந்தத் தாளில் தெரியாது. அது மிரட்டி வாங்கியது என்று நிரூபிக்கும் சுமையும் கையெழுத்திட்டவருடையதே.

இதைச் சமாளிக்கும் வழிகளாகத் தொழிற்சங்கத்தினரும் தொழிலாளர் வழக்கறிஞர்களும் சொல்பவை பெரும்பாலும் தாள் சம்பந்தப்பட்டவை. சான்றிதழைக் கையில் கொடுத்தால் நகலில் சீல் வாங்கு, இல்லையேல் ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி ரசீதை வை. போனில் பேசியதை அன்றே "தாங்கள் இன்று கூறியபடி" என்று மெயிலாகத் திருப்பி அனுப்பு. விளக்கம் கேட்டு வரும் கடிதத்தை வாங்காமல் திருப்பாதே, பதில் எழுது. உடம்பு சரியாகும்வரை எந்த ராஜினாமாத் தாளிலும் கையெழுத்துப் போடாதே. பணிக்கொடைக் கணக்கில் நோயால் வராத காலம் பணித் தொடர்ச்சியை முறிக்காது என்பதையும் நினைவில் வை. அறிவுரை சரியானதே. காய்ச்சலில் கிடப்பவரைக் குமாஸ்தாவாக்குகிறது என்பது மட்டும்தான் குறை. சங்கம் இருக்கும் இடத்தில் இந்த வேலையைச் சங்கம் செய்யும். இல்லாத இடத்தில் மனைவியோ மகளோ செய்கிறார்கள், டிஸ்பென்சரி வரிசையில் நிற்பதையும் சேர்த்து.

நோயின் பெயரைச் சொல்லலாமா என்பது இதைவிடக் கடினம். சமூகவியலாளர் எர்விங் கோஃப்மன் 1963-ல், களங்கம் வெளியே தெரிந்துவிட்டவரையும் இன்னும் தெரியாதவரையும் பிரித்துக் காட்டினார். முன்னவருக்கு மற்றவர்களின் பார்வையைச் சமாளிப்பது வேலை, பின்னவருக்குத் தகவலைச் சமாளிப்பது வேலை. நீளும் நோயாளி ஒரே வாரத்தில் இரண்டையும் செய்கிறார். காசநோய் என்று சொன்னால் விடுப்பு உறுதியாகும், கேன்டீனில் டம்ளர் தனியாகும். மனச்சோர்வு என்று சொன்னால் பரிவு கிடைக்கலாம், அடுத்த பொறுப்பு கிடைக்காமல் போகலாம். சொல்லாவிட்டால் சோம்பேறி. சொல்வதா வேண்டாமா என்பதற்குப் பொதுவான விடை தரும் ஆலோசகர்களை ஐயத்தோடுதான் கேட்கவேண்டும். நிறுவனத்தின் அளவு, அந்த மேலாளர் எப்படிப்பட்டவர், வேலை நிரந்தரமா என்பதைப் பொறுத்து விடை மாறுகிறது.

கான்ட்ராக்ட் தொழிலாளிக்கு இந்தச் சிக்கல் எதுவும் இல்லை. அவருக்கு யாரும் போனே செய்வதில்லை.

தீராமல் இருப்பவை

இந்த ஐந்து விடைகளில் எதையும் முழுக்கத் தள்ளவோ முழுக்க ஏற்கவோ இயலவில்லை. காப்பீடு இல்லாமல் மற்றது எதுவும் நிற்காது என்பதில் ஓரளவு உறுதியாக இருக்கலாம். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1982-ஆம் ஆண்டின் 158-ஆம் உடன்படிக்கை, நோயால் தற்காலிகமாக வராதது நீக்கத்துக்குச் சரியான காரணமாகாது என்கிறது. 'தற்காலிகம்' என்பதற்குப் பொருள் சொல்வதை அந்தந்த நாட்டுக்கே விட்டுவிட்டது. இந்தியா அதை ஏற்று உறுதிசெய்யவில்லை. செய்திருந்தாலும் கேள்வி அதே இடத்தில்தான் நின்றிருக்கும்.

இப்போது களமும் மாறியிருக்கிறது. 2025 நவம்பர் 21 முதல் பழைய தொழிலாளர் சட்டங்கள் பலவற்றுக்கும் பதிலாக நான்கு சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துள்ளன. நிலையாணைகள் கட்டாயமாகும் அளவு பழைய மத்தியச் சட்டத்தில் நூறு தொழிலாளர், இப்போது முந்நூறு. எட்டு நாள் வராவிட்டால் பெயர் அடிக்கும் விதி நிலையாணைகளில்தான் இருந்தது, அதே நிலையாணைகளில்தான் விளக்கம் கேட்கும் முறையும் இருந்தது. இருநூறு பேர் கொண்ட ஆலையில் இனி இரண்டும் நியமன ஆணையின் பொடி எழுத்துக்குப் போகக்கூடும். 1993 தீர்ப்பின் நியாயம் அந்தப் பொடி எழுத்தையும் கட்டுப்படுத்துமா என்பது அடுத்த சில ஆண்டு வழக்குகளில்தான் தெரியவரும்.

மருத்துவத் தரப்பிலும் ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது. கொரோனாவுக்குப் பிந்தைய நிலைக்கு உலக சுகாதார நிறுவனம் 2021-ல் ஒரு வரையறை தந்தது. தொற்றுக்கு மூன்று மாதத்துக்குப் பின்னும் இருந்து, குறைந்தது இரண்டு மாதம் நீடித்து, விட்டுவிட்டும் வரக்கூடிய குறிகள். தேதி சொல்லமுடியாத நோய் ஒன்றுக்கு இப்படி ஒரு பெயர் கிடைத்திருக்கிறது. அந்தப் பெயர் ஈ.எஸ்.ஐ.யின் 34-க்குள் நுழைய என்ன சான்று கேட்கப்படும், அதை எந்த எக்ஸ்ரேயில் காட்டுவது என்பதை டிஸ்பென்சரி டாக்டர்தான் முதலில் எதிர்கொள்ளப்போகிறார். வழக்கமான வரிசையில், ஆளுக்குச் சில நிமிடம் என்ற கணக்கில்.